பச்சை விழுந்தது

அதிகாரி கணினித் திரையை எங்கள் பக்கம் திருப்பி வைத்தார்.

என்னைவிட ஆவலாகத் தங்கைதான் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். மடியில் கோப்பு. அதில் ஆஸ்பத்திரிச் சீட்டு, அப்பாவின் இறப்புச் சான்றிதழ், சாட்சியாக அவள் கைப்பட எழுதிய ஒன்றரைப் பக்கம்.

சிவப்பு விளக்கைத் தாண்டியதாக நோட்டீஸ் வந்த அன்றே நான் அபராதத்தைக் கட்டியிருக்கலாம். கட்டத்தான் இருந்தேன். அதற்குள் மேசைமேல் கிடந்ததை அவள் எடுத்துப் பார்த்துவிட்டாள். தேதியையும் நேரத்தையும் பார்த்ததும் கண் கலங்கிவிட்டது. அப்பா போன அன்று, மாலை நாலு பத்து.

சாகக் கிடந்த அப்பாவைப் பார்க்க ஓடி வந்தவனுக்கு அபராதமா, இதை நான் விடுவதாக இல்லை என்றாள். பள்ளி அலுவலகத்தில் எழுத்தர் அவள். ஓடாத மிக்சியை மூன்றே கடிதத்தில் மாற்ற வைத்தவள். வீட்டில் அவளுக்கு 'மனு மகாராணி' என்றே பேர். அலைச்சல், வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். மூன்றாம் தடவை சொல்லியிருந்தால் ஏன் என்று கேட்டிருப்பாள்.

நோட்டீசில் இருந்தது ஒரே ஒரு படம். கோட்டைத் தாண்டிய என் வண்டியின் பின்பக்கம், நம்பர், மேலே சிவப்பு. வீடியோவும் எடுத்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதிகாரி நல்ல மனிதர். மனுவைப் படித்திருந்தார். இந்த மாதிரி விஷயத்தில் ரத்து செய்ய எனக்கு அதிகாரம் உண்டு, வீடியோவை ஒரு தடவை பார்த்துவிடுவோம், அது முறை என்று தணிந்த குரலில் சொன்னார்.

திரையில் என் வெள்ளை வண்டி வந்து கோட்டில் நின்றது. முதல் ஆளாக.

தங்கை ஆறுதலாக என் முழங்கையைத் தொட்டாள்.

பச்சை விழுந்தது.

என் வண்டி நகரவில்லை.

பின்னாலிருந்த வேன் பொறுத்துப் பார்த்துவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு போனது. பிறகு ஒரு பைக். ஒரு பேருந்து. வீடியோவில் சத்தம் இல்லை. அந்த ஹாரன்கள் எனக்கு மட்டும் கேட்டன.

அப்பாவும் நானும் பேசி எட்டு மாதம் ஆகியிருந்தது. என் மாமனார் வீட்டார் முன்னால் என்னை ஒன்றுக்கும் உதவாதவன் என்றார் அவர். இனி உங்கள் முகத்தில் விழிக்க மாட்டேன் என்றேன் நான்.

நான் லிஃப்ட் மெக்கானிக். பாதியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்களிடம், பயப்படாதீங்க, இதோ வந்துட்டேன் என்று கதவுக்கு வெளியே நின்று தினமும் சொல்கிறவன். அப்பா எதிரில் போய் நின்று முதல் வார்த்தையாக என்ன சொல்வது என்று அந்தப் பச்சை முழுக்க யோசித்தேன். ஒன்றும் வரவில்லை.

மஞ்சள். சிவப்பு.

சிவப்பில் என் வண்டி கிளம்பியது. நேரே போகவில்லை. முழுக்க ஒடித்து, வந்த வழியே திரும்பிப் போனது.

தங்கையின் கை என் முழங்கையில் இல்லை.

ஆஸ்பத்திரி நேராகத்தானே போக வேண்டும் என்று அதிகாரி கேட்டார். ஆமாம் என்றேன். அந்த சிக்னலிலிருந்து ஐந்தே நிமிடம். வீட்டு வாசல்வரை போய், மனசு கேட்காமல் மறுபடி கிளம்பி நான் வந்து சேர்ந்தபோது ஆறரை ஆகியிருந்தது. எல்லாம் முடிந்திருந்தது. வழியெல்லாம் நெரிசல் என்று தங்கையிடம் சொல்லியிருந்தேன்.

சாட்சி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று அதிகாரி கேட்டார். ஒன்றும் இல்லை என்றாள் அவள். மனுவைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அங்கேயே ஒரு தாளில் அவளே எழுதினாள், அடித்தல் திருத்தல் இல்லாமல். நான் கையெழுத்துப் போட்டேன்.

அவள் எனக்கு முன்னால் படி இறங்கினாள். வண்டியருகே வந்ததும் நின்றாள். என்னைப் பார்க்காமல், கோப்பின் நாடாவைக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"அப்பாவுக்குக் காலையிலயே நினைவு தப்பிடுச்சு, நீ சீக்கிரம் வந்திருந்தாலும் உன்னைத் தெரிஞ்சிருக்காதுன்னு அன்னைக்குச் சொன்னேன்ல அண்ணா. நீ மனசு ஒடஞ்சிடக் கூடாதேன்னு சொன்னது. அஞ்சு மணி வரைக்கும் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தாரு."