வெள்ளையடித்த சுவர்

செல்லத்தாய் வீட்டுச் சுவரைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன்.

வெள்ளை. கல்யாண வீடுபோலப் பளிச்சென்று வெள்ளை.

அளவெடுக்க வந்த பொறியாளர் சாரதாமணி, ஒரு கையில் டேப்பும் மறுகையில் கேமராவுமாக அந்தச் சுவரின் முன் திகைத்து நின்றார்.

2005 கார்த்திகைப் புயல் மழையில் மேலேயிருந்த குளம் உடைந்து, வீரபாண்டிப் பக்கத்து எங்கள் ஓடையோரத் தெருவுக்குள் பட்டப்பகலில் தண்ணீர் புகுந்தது. மிக்சி போனவர்கள், தையல் மெஷின் போனவர்கள், ரேஷன் கார்டு போனவர்கள் என்று ஆளுக்கொரு நஷ்டம். எனக்கு என் வண்டி போனது.

இப்போது அரசாங்கம் வீடுகளின் தளத்தை உயர்த்திக் கட்டித் தரப்போகிறது. எல்லா வீட்டுக்கும் ஒரேயடியாகப் பணம் வராதாம். தண்ணீர் இடுப்புக்கு மேல் நின்ற வீடுகள் முதலில், மற்றவை அடுத்த கட்டத்தில். அடுத்த கட்டம் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். அதற்குள் அடுத்த மழை வந்துவிடும்.

தண்ணீர் நின்றதற்கு ஆதாரம் சுவரில் இருக்கும் கோடுதான். சேறும் சாயப்பட்டறைத் தண்ணீரும் கலந்து வீட்டுக்கு வீடு கருநீலத்தில் ஒரு கோடு விழுந்திருந்தது. அதைப் படம் பிடித்து மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். தெருவில் அத்தனை பேரும் அந்தக் கோட்டின் மேல் கைபடாமல் பார்த்துக்கொண்டார்கள். பிள்ளைகள் சாய்ந்து உட்கார்ந்தால்கூட அடி விழுந்தது.

இவள் மட்டும், வாசலில் தூவச் சொல்லிக் கொடுத்த பிளீச்சிங் பவுடரைக் கரைத்துச் சுவரைத் தேய்த்துக் கழுவி, மேலே சுண்ணாம்பும் அடித்து வைத்திருக்கிறாள். தெருவிலேயே பள்ளமான வீடு இவளுடையது.

"தண்ணி நின்ன அடையாளமே காணமுங்களே, அக்கா" என்றார் சாரதாமணி.

"வீட்டுக்கு ஆபீசரம்மா வாராகன்னு சொன்னாக. அழுக்குச் செவுத்தையா காட்ட முடியும்?" என்றாள் செல்லத்தாய்.

அவள் அப்படித்தான். கோவில்பட்டிப் பக்கமிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த எங்கள் கூட்டத்தில் அவளைப்போல ஒரு சுத்தக்காரி கிடையாது. ஆள் வருகிறார்கள் என்றால் கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவுவாள். நான் அதைக் கேலி செய்யாத நாளில்லை. அன்று கேலி வரவில்லை, அழுகைதான் வந்தது. அடுத்த முறை தண்ணீர் வந்தால் இவள் என்ன ஆவாள்?

"கோடில்லாத செவுத்தப் படம் புடிச்சு நான் எப்படிங்க அனுப்பறது?"

சாரதாமணி சொன்னதிலும் தப்பில்லை. சங்கடத்தோடுதான் டேப்பைச் சுருட்டினார்.

நூல் பிசிறு வெட்ட வைத்திருந்த பனியன் குவியலை மடியிலிருந்து தள்ளிவிட்டு, செல்லத்தாய் வாசலில் உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன்.

"மேடம், அவளச் செவுத்தோரமா நிக்கச் சொல்லுங்க. அவ கீழுதட்டுல அளந்துக்கிடுங்க."

சாரதாமணி என் பக்கம் திரும்பினார்.

"தண்ணி வந்தப்ப தெருவே மேட்டுக்கு ஓடிப்போச்சுன்னாங்க. உதடு வரைக்கும்னு உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

"மேலருந்து பாத்துக்கிட்டே இருந்தேன். உதட்டத் தொட்டுத் தொட்டுப் போச்சு. வாயத் தொறக்காம மூக்கால மூச்சு விட்டுக்கிட்டு இந்தச் செவுத்தோரமாத்தான் நின்னா."

"மேலன்னா, கூரை மேலீங்களா?"

"அவ தோள் மேல."

தெருவுக்கெல்லாம் தெரிந்த சங்கதி, அந்தம்மாவுக்குத்தான் புதிது.

முழங்காலளவு தண்ணீர் இருக்கும்போதே என்னை விட்டுவிட்டு ஓடு என்று செல்லத்தாயிடம் கெஞ்சினேன், திட்டிக்கூடப் பார்த்தேன். "வாய மூடு, தண்ணி உள்ள போயிரும்" என்றாள். அதன்பின் தண்ணீர் வடியும்வரை அவள் பேசவேயில்லை. பேச முடியாது. அவளைப்போல ஒருத்தியை நான் இந்த ஊரிலும் பார்த்ததில்லை, பிறந்த ஊரிலும் பார்த்ததில்லை.

"ஏனுங்க, ரெண்டு பேரும் சேர்ந்து ஓடியிருக்கலாமல்லங்க?"

"அளந்துக்கிடுங்கம்மா, நேரமாவுது" என்றாள் செல்லத்தாய்.

சாரதாமணியும் வற்புறுத்தவில்லை. சாக்பீஸை எடுத்தார். செல்லத்தாய் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, போட்டோ என்றதும் வரும் விறைப்போடு தன் வெள்ளைச் சுவரில் சாய்ந்து நின்றாள். உதட்டுக்கு நேராகக் கோடு விழுந்தது. டேப் இடுப்பைத் தாண்டி, நெஞ்சைத் தாண்டி ஏறியது.

"அப்படியே நில்லுங்கக்கா. அழிஞ்ச கோட்டுக்குப் பதிலா நீங்களே படத்துல வந்தரோணும்" என்று சொல்லிப் படம் எடுத்தார். முதல் கட்டத்தில் அவள் பெயரையும் சேர்த்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

பிறகு வரைபடத்தை விரித்துக் காட்டினார். தளம் உயர்வதால் வாசலில் படிகள் வைக்க வேண்டுமாம்.

"படி வேண்டாம்மா. சரிவாப் போட்டுக் குடுங்க" என்றாள் செல்லத்தாய்.

"நீங்க நல்லாத்தானுங்க நடக்கறீங்க. உங்களுக்கு எதுக்குங்க சரிவு?"

"ரோஸ்மேரி நாளைக்கும் பிசிறு வெட்ட இங்கனதான வரணும்" என்று என்னைக் கைகாட்டினாள். "எத்தன நாளைக்கு நானே தூக்கிக்கிட்டு வர?"

சாரதாமணி என் முகத்திலிருந்து பார்வையை இறக்கி, பனியன் குவியலுக்கு அடியில் மடங்கிக் கிடந்த என் கால்களைப் பார்த்தார். பென்சிலை எடுத்து, படிகள் இருந்த இடத்தில் ஒரு சாய்ந்த கோடு போட்டார்.

என் மூன்று சக்கர வண்டியை ஓடை கொண்டுபோய்விட்டது. புதிதுக்கு மனு கொடுத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை. அது ஏறி வருவதற்கான வழி மட்டும் செல்லத்தாய் வீட்டு வாசலில் தயாராகிவிட்டது.