நண்டுக்கு எந்தப் பல்?

“நண்டுக்கு எந்தப் பல்லு நல்லம்? வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ ஐயா.”

பல் வைத்தியர் ஜெயனி ஆவலோடு கேட்டாள். தாழ்வுபாட்டுக் கிராமத்து மீனவர் மரியதாசனுக்கு முன்னால் இரண்டு பல்செட்டுகள் கிடந்தன. ஒன்று, வாய்க்குள் கமரா விட்டுப் படமெடுத்து, கம்பியூட்டரில் வரைந்து, மெசின் செய்தது. மற்றது, பழைய முறைப்படி அச்செடுத்து, அவளோடு வேலை செய்யும் பல்செட் கட்டுபவரான அலெக்ஸாண்டர் மெழுகிலும் பிளாஸ்டரிலும் கையை நனைத்துச் செய்தது. இரண்டையும் மாறிமாறிப் பாவித்துப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்ல வந்திருந்தார் மரியதாசன்.

மெசின் தோற்றால், இரவலாக வந்த கமரா கொழும்புக்கே திரும்பிவிடும். ஜெயனியின் கனவுகளும் அதோடு பஸ் ஏறிவிடும். அலெக்ஸாண்டர் தோற்றால் அவருடைய பிளாஸ்டர் வாளி மூலைக்குப் போகும். ஆகவே இருவரும் அந்த மனிதரின் வாயையே பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நண்டுக்குக் கம்பியூட்டர்ப் பல்லுதான் டொக்டர். ஒரு கரைச்சலும் இல்லை.”

அலெக்ஸாண்டருக்கு முகம் கறுத்துவிட்டது. “எலும்பு இறைச்சிக்கு எப்பிடி அண்ணை?”

“அதுக்கும் அதுதான் தம்பி. உங்கட பல்லோட கலியாண வீட்டுப் பந்தியில நான் பட்ட பாடு கர்த்தருக்குத்தான் தெரியும்.”

“கருவாடு?”

“அதுக்கும்தான்.”

ஜெயனிக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை. “பாத்தீங்களோ அலெக்ஸாண்டர்? மெசின் எண்டால் மயிரிழை பிசகாது. கையால வருமோ இது?”

“இந்த வெக்கைக்கு மெழுகு இளகினால் நான் என்ன செய்யிறது?” என்று முனகினார் அவர். பாவம், அவருக்கே அதில் நம்பிக்கை இல்லை.

ஜெயனி அந்தக் கணமே கொழும்புக்குப் போன் போட்டாள். “ஓம் சேர், மெல்லுற விசயத்தில மெசின் பல்லுக்குத்தான் முழு வெற்றி. கமராவை எங்களுக்கே தாங்கோ.” மறுமுனை சரி என்றது. உலகத்தையே வென்றுவிட்ட களிப்பில் போனை வைத்தாள்.

“ஐயா, காரணத்தையும் சொல்லுங்கோ, அறிக்கையில எழுத வேணும். இறுக்கமாப் பிடிக்குதோ? பாரம் தெரியேல்லையோ?”

“பாரமே இல்லை டொக்டர், நல்ல மெல்லிசு,” என்றார் மரியதாசன். “தம்பி செய்தது துருத்திக்கொண்டு நிக்கும். இதெண்டால், சாப்பிடேக்க கழட்டிச் சேட்டுப் பொக்கெற்றுக்குள்ள போட்டாலும் ஒருத்தருக்கும் தெரியாது.”