எழுதாத உறுதி

மேரிசெல்வி, அவளுடைய தம்பி ரொபின்சன், அவன் மனைவி விஜிதா, உறுதி எழுதும் நொத்தாரிசு சீவரத்தினம், சாட்சிக்கென்று பிடித்துவந்த இரண்டு ஓட்டோக்காரர். தோட்டவெளிக் கிராமத்தில் மேரிசெல்வியின் முன்னறையில் இத்தனை பேர் இருக்கிறார்கள். அக்காவின் வயிற்று ஸ்கானில் கட்டி தெரிந்த அன்றே புற்றுநோய் என்று ரொபின்சன் முடிவுகட்டிவிட்டான். அவள் சாவதற்குள் வீட்டைத் தன் பேருக்கு எழுதுவிக்க வேண்டும். உறுதித்தாள் கடற்காற்றில் பறக்காதபடி, நோயாளிக்கென்று வாங்கிவந்த பால்மா ரின்னை அதன்மேல் பாரமாக வைத்திருக்கிறான். ஓட்டோக்காரர் அவளுடைய பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்துத் தின்கிறார்கள். விஜிதா அழுதபடியே யன்னல் அகலத்தைக் கண்ணால் அளக்கிறாள். வெட்டி எடுத்த கட்டியைச் சோதித்துக் காலையில் ஆஸ்பத்திரியில் கொடுத்த அறிக்கையை மேரிசெல்வி நொத்தாரிசிடம் நீட்டுகிறாள். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு வாசிக்கிறார். "வயித்துக்குள்ள நிணநீர்க் கணுவில வளர்ந்த கட்டியாம். ஆருக்கும் லேசில வராதாம். புற்றுநோய் இல்லையாம், முழுக்க எடுத்தாச்சாம்." விஜிதாவின் அழுகை நிற்கிறது. ரொபின்சன் பேனையை அவள் பக்கம் தள்ளுகிறான். "டொக்டர்மாற்ற கதையை நம்பேலாது அக்கா. வந்த ஆக்களை மினக்கெடுத்தாமல் கையெழுத்தை வையுங்கோ." இந்த மூஞ்சியை நம்பியா இரண்டு மாதம் கட்டிலில் கிடந்தேன் என்று அவளுக்கு அருவருக்கிறது. "வயித்துக்குள்ள கிடந்ததை அவங்கள் வெட்டி எடுத்தவங்கள். உனக்குக் கால் இருக்குத்தானே, எழும்பி நட." தையல் இழுக்க இழுக்கக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். எல்லாரும் இறங்கிய பிறகு ரொபின்சன் படியில் திரும்புகிறான். "செத்தால் ஆர் வந்து தூக்கிறது எண்டு யோசியுங்கோ." "அதுக்குக் கன காலம் கிடக்கு, போ" என்று அவன் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்திப் பூட்டுகிறாள்.