சாவி வாங்காத கை

கட்டட ஓனர் கடைக்குள் நுழைந்ததும் அவள் முதலில் பார்த்தது அவருடைய கைகளைத்தான்.

இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார்.

இன்றைக்கும் நடக்காது.

வெளியே வேன் நின்றது. கண் பரிசோதிக்கிற நாற்காலி, ஃபிரேம் அலமாரி, எல்லாம் ஏற்றியாகிவிட்டது. கடையோடு சேர்ந்த பழைய மேசை மட்டும்தான் மிச்சம். டிரைவர் பொறுமையில்லாமல் ஹாரன் அடித்தான்.

வேறு ஊரில், மகள் வீட்டுக்குப் பக்கத்தில், அவளுக்குப் புது மூக்குக்கண்ணாடிக் கடை. நாளை திறப்பு. இங்கே ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டு வருடம் இருந்தது. முறையாக நோட்டீஸ் கொடுத்துவிட்டாள். ஆனால் அவளுடைய வக்கீல் அதில் ஒரு கொக்கி இருப்பதாகச் சொல்லியிருந்தார்.

"சாவியை அவர் கையால வாங்கிக்கணும்மா. வாங்கலேன்னா நீங்க காலி பண்ணதாவே ஆகாது. வாடகை ஓடிக்கிட்டேதான் இருக்கும்."

அவருக்கும் ஒரு வக்கீல் இருப்பாரே! நோட்டீஸ் போன நாளிலிருந்து மனிதர் கை நீட்டுவதையே விட்டுவிட்டார். ஒரு நாள் இரண்டு கையிலும் காய்கறிப் பை. ஒரு நாள் வலது உள்ளங்கையில் கட்டு. மறுநாள் பார்த்தால் கட்டு இடது கையில் இருந்தது. கூரியரில் அனுப்பிய சாவியும் போன வேகத்தில் திரும்பி வந்தது. கழுவுகிற மீனில் நழுவுகிற மீன்.

இரண்டு கடைக்கு வாடகை கட்ட அவளால் முடியாது. சாவியை விரல்களுக்குள் உருட்டிக்கொண்டு காலிக் கடையில் குறுக்கும் நெடுக்குமாக நடந்தாள்.

"கண்ணாடி ஆடுது," என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு.

ஒரு கையை மட்டும் முன்னால் கொண்டுவந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். கை உடனே பின்னால் போய்விட்டது.

கிளம்புகிற நேரத்தில் இது வேறு. நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட வாய் துடித்தது. ஆனால் கண்ணாடியைக் கண்டால் அவள் கை சும்மா இருக்காது. பையிலிருந்து சின்னத் திருப்புளியை எடுத்து ஸ்க்ரூவில் வைத்துத் திருகினாள்.

அசையவில்லை.

மறுபக்கத்து ஸ்க்ரூவும் அசையவில்லை. போன மாதம் அவள் முடுக்கிக் கொடுத்தபடியே இரண்டும் இறுக்கமாக இருந்தன.

நிமிர்ந்தாள்.

அவர் கை நீட்டியிருந்தார். முகம் தெருப்பக்கம் திரும்பியிருந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்குத் தன் கையே சரியாகத் தெரியாது.

"குடு, பாப்பா."

அப்பா போன பிறகு பாகம் பிரித்ததில் கட்டடம் அண்ணனான இவருக்குப் போனது. "உன் இரக்கம் ஒண்ணும் வேணாம், ஒப்பந்தம் போடு" என்று அன்றைக்கு ஒற்றைக் காலில் நின்றவள் அவள்தான். அதன்பின் இருவருக்கும் நடுவில் வாடகைப் பேச்சு மட்டும்தான். மாதம் பிறந்தால் வருவார். வாடகையை வாங்கிய பிறகும், கண்ணாடி ஆடுகிறது, அழுக்காகிறது என்று ஏதாவது சொல்லிக்கொண்டு நிற்பார். வேலை வெட்டி இல்லாத மனிதர் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

மறுபடியும் ஹாரன்.

சாவியை அந்தக் கையில் வைத்தாள். விரல்கள் மூடிக்கொண்டன. என்ன பொருள் என்று தடவிக்கூடப் பார்க்கவில்லை.

கண்ணாடியைத் தன் முந்தானையில் துடைத்து, எட்டி, அவளே அவருக்கு மாட்டிவிட்டாள்.

மாட்டும்போது மூடிய கண்ணை அவர் திறக்கவில்லை.