மோசஸ் வருகிற பாட்டுகள்

"கோவம் பத்தல ப்ரோ."

குரல் ஹெட்ஃபோனில் வந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இசையமைப்பாளர் உட்கார்ந்திருந்தார். அவனைவிட வயதில் சின்னவர்.

படத்தில் வில்லன் வந்து இறங்கும் இடம். நடுவில் கொஞ்சம் ராப். அவன்தான் எழுதியிருந்தான், அவன்தான் பாட வேண்டும்.

"தம்பி மேட்டர ஒருவாட்டி நெனச்சுக்கங்க. தானா வந்துடும்."

தம்பி மேட்டர்.

அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மைக்கைப் பார்த்தான்.

அவன் தம்பி மோசஸ் ஒரு அடுக்குமாடி வளாகத்தின் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கினான். முகமூடி இல்லை. கயிறு இல்லை. பிணமாகத்தான் மேலே வந்தான். சும்மா இறங்குடா என்று சொன்ன காண்ட்ராக்டர் ஜாமீனில் வந்து, பழையபடி வேலைக்கு ஆள் பிடித்தான்.

முதல் பாட்டில் அந்தக் காண்ட்ராக்டரின் பெயர் இருந்தது. எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு லிஃப்டில் ஏறிப் போனவர்களின் வீட்டு நம்பர்கள் இருந்தன. வியாசர்பாடியில் ஒரு சின்ன மேடையில் அதைப் பாடினான். யாரும் கை தட்டவில்லை. முன்வரிசையில் ஒருவர் துண்டை வாயில் திணித்துக்கொண்டார்.

பிறகு வந்த பாட்டுகளில் பெயர்கள் குறைந்தன. கேஸ் போடுவார்கள் என்றார்கள். காண்ட்ராக்டர் 'அவனுங்க' ஆனான். மோசஸ் தீ ஆனான். புலி ஆனான்.

கல்லூரி மேடைகளில் பிள்ளைகள் கூடவே பாடினார்கள். மோசஸுக்கு மூச்சு முட்டுகிற வரியில்தான் பீட் இறங்கும்.

அங்கேதான் விசில் பறக்கும்.

அப்புறம் மோசஸ் என்ற பெயரும் போயிற்று. தம்பி போதுமாயிருந்தது. நம்பி, கம்பி, வெம்பி என்று எதுகை வரிசைகட்டி வந்தது.

ஸ்டுடியோவில் சிவப்பு விளக்கு எரிந்தது.

அவன் கண்ணை மூடினான். குழியின் மூடியைத் திறந்தான். தம்பியின் கறுத்துப்போன உதடுகளைப் பார்த்தான். கோபம் வந்தது. கூப்பிட்டதும் வந்தது, வாசலிலேயே காத்துக் கிடந்ததைப் போல.

ஒரே டேக்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

"மரணமா இருக்கு ப்ரோ," என்றார் இசையமைப்பாளர்.

அந்தக் கண்ணாடியை உடைக்க வேண்டும் போலிருந்தது. உடைக்கவில்லை. நன்றி சொன்னான். செல்போனில் ஒரு பிரதி வாங்கிக்கொண்டான்.

நன்றி சொன்னதற்காக வழி நெடுகத் தன்னைத்தானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டு வண்டி ஓட்டினான்.

அம்மா ஹவுசிங் போர்டு வீட்டில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தாள். அவன் வாங்கிய வீட்டுக்கு வரமாட்டேன் என்று அங்கேயே இருப்பவள்.

அவளுக்குப் பாட்டைப் போட்டுக் காட்டினான். நல்லா இல்லை என்று யாராவது சொல்ல வேண்டும் போலிருந்தது.

மீன் தலையைக் கிள்ளிக்கொண்டே முழுசாகக் கேட்டாள்.

"உன் பாட்டுல அவன் செத்துக்கினே கீறான்டா. ஒரு பாட்டுலயாச்சும் அவன சாப்புட வுடேன்."

அவன் கத்தினான். பாட்டைப் பற்றி உனக்கு என்ன தெரியும் என்றான். நான் பாடியதால்தான் ஊருக்கு அவனைத் தெரியும், இல்லாவிட்டால் பேப்பரில் ஒரு மூலையோடு போயிருப்பான் என்றான். பக்கத்து வீட்டு டிவி சத்தம் அடங்கியது. செல்போனைச் சுவரில் விட்டெறிந்தான்.

அம்மா அடுத்த மீனை எடுத்தாள்.

அது அவனை இன்னும் எரித்தது. சரி, சாப்பிடட்டும். மனசுக்குள் வரி கட்டினான். மோசஸை ஒரு தட்டின் முன்னால் உட்கார வைத்தான்.

தட்டில் என்ன வைப்பது?

சோற்றைப் பிசைந்து தின்பானா, அள்ளிப் போட்டுக்கொள்வானா? பேசிக்கொண்டே சாப்பிடுவானா?

கறுத்த உதடுகள்தான் வந்தன. மெல்லுகிற வாய் வரவில்லை. இத்தனை பாட்டும் சேர்ந்து அதைத் தின்றிருந்தன.

அவன் சுவரோரம் சரிந்து உட்கார்ந்தான்.

"இன்னாம்மா சாப்புடுவான் அவன்?"

அம்மா கையைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

"அவனா? கேடி. எறா தொக்கு வெச்சா, சோறு வடிக்கறதுக்குள்ள சட்டில பாதி இருக்காது. கேட்டா அண்ணன்தான் துன்னான்னு சத்தியம் பண்ணுவான். நானும் நம்பி உன்னத்தான் அடிப்பேன்."

அவன் நிமிர்ந்தான்.

அந்த அடிகள் நினைவிருந்தன. கரண்டிக் காம்பு. முழங்கையில் விழும். கதவோரம் ஒன்றும் தெரியாதவன்போல் மோசஸ் நிற்பான், வாயை இறுக மூடிக்கொண்டு.

ஏன் மூடியிருந்தான் என்று இப்போதுதான் புரிந்தது.

"அப்பவே உனுக்குத் தெரியுமா?"

"பின்னாடி தெரிஞ்சுது. சொன்னா நீ அவன் தோல உரிச்சிருப்ப."

கோபம் வந்தது. இதை அவன் கூப்பிடவில்லை. காண்ட்ராக்டர் மேல் இல்லை, லிஃப்டில் ஏறிப் போனவர்கள் மேல் இல்லை. மோசஸ் மேல். உள்ளங்கை அரிக்கிற சின்னக் கோபம்.

உரித்திருப்பான். விடாமல் விரட்டியிருப்பான். அந்தப் பயல் சிக்கியிருக்க மாட்டான். மென்றுகொண்டே இரண்டிரண்டு படியாகத் தாவி மொட்டை மாடிக்கு ஓடியிருப்பான். மேலே நின்று நாக்கைத் துருத்திக் காட்டியிருப்பான்.

"திருட்டு நாயே," என்றான் அவன்.

அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

அவன் அதையே இன்னொரு தடவை, பாட்டு வரியைப் போலக் கொஞ்சம் இழுத்துச் சொல்லிப் பார்த்தான்.