மணிக்கூண்டிலிருந்து பச்சைக் கதவு வரை

காலையில் மணிக்கூண்டருகே நின்றவரை வழிகாட்டிப் பெண் கப்பென்று பிடித்துக்கொண்டாள்.

"நல்லவேளை வந்தீங்க சார். இன்னிக்குத்தான் எனக்கு முதல் நாள். பதிவு பண்ணதே நீங்க ஒருத்தர்தான். நீங்களும் வரலன்னா என் வேலை போயிருக்கும்."

சொல்ல வந்ததை அவர் விழுங்கிக்கொண்டார்.

கோட்டைச் சந்து, கல் பாலம், கிணற்றுத் தெரு என்று சாயங்காலம் வரை நடக்கவிட்டாள். அவர் நழுவப் பார்த்தபோதெல்லாம் அவள் முகம் வாடியது.

"போரடிக்குதா சார்?"

"சேச்சே," என்று காலிப் பையைக் கை மாற்றிக்கொண்டார்.

கடைசியாக ஒரு பச்சைக் கதவின் முன் நின்றாள்.

"இருநூறு வருஷத்து வீடு சார். இப்ப உள்ள யாருமே இல்ல, பூட்டித்தான் கெடக்கு."

கதவு திறந்தது. உள்ளிருந்து ஓர் அம்மாள் எட்டிப் பார்த்தார், வழிகாட்டியை அல்ல, அவரை.

"காலையில பால் வாங்கப் போன மனுஷன் வர்ற நேரமா இது?"