டெரல் வாங்கிய அடி

மேகலா மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, தம்பி பிரசன்னாவும் அவன் கூட்டாளிகளும் தலையில் ரசிகர் தொப்பியோடு ஹாலில் குதித்துக்கொண்டிருந்தார்கள். அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரரின் உடம்பு உணர்வதையெல்லாம் அந்தத் தொப்பியைப் போட்டவர்களும் உணரலாம். அப்படியொரு ஆட்டக்காரனான அவள் கணவன் டெரல் அன்று மதியம்தான் மைதானத்தில் மோதி விழுந்திருந்தான். மறுபடி நடப்பானா என்பதை நாளைதான் சொல்ல முடியும் என்றிருந்தார் டாக்டர்.

"அக்கா, மாமா வாங்குன அடி செம்ம! சும்மா ஜிவ்வுனு இருக்கு. ஏழு தடவ ஒன்ஸ் மோர் போட்டுட்டோம்!"

"விழுந்தப்புறம் அவருக்கு எப்படிடா இருந்துச்சு?"

பிரசன்னா உதட்டைப் பிதுக்கினான். "செம போர்க்கா. கழுத்துக்குக் கீழ ஒண்ணுமே தெரியல. அத ஓட்டிவிட்டுட்டோம்."

டாக்டர் நாளை சொல்ல வேண்டிய பதில் மேகலாவுக்கு இப்போதே கிடைத்துவிட்டது.